மூச்சுக் கிளை

"ஏன் துளிர்க்கல?" என்றார் பேச்சிமுத்து.

வணக்கம் இல்லை. தான் யார் என்று சொல்லவும் இல்லை. கையிலிருந்த பழைய பிஸ்கட் டின்னைச் சலோமியின் மேசைமேல் வைத்துவிட்டு, நனைந்த குடையை மடக்காமலே நின்றார்.

டின்னில் ஒரு பைன் கன்று இருந்தது. இருந்தது என்று சொல்வதே அதிகம். முழங்கை உயரத்துக்கு ஒரு தண்டு, அதற்கு உச்சி இல்லை. பக்கத்தில் கட்டைவிரல் பருமனில் ஒரு கிளை பாதியோடு நின்றுபோயிருந்தது. ஊசி இலை ஒன்றுகூட அதில் இல்லை. அடியில் மட்டும் ஒல்லிக் கிளை ஒன்று, நாலைந்து பச்சைக் கொத்துகளுடன் ஓரமாக நீட்டிக்கொண்டிருந்தது.

சலோமி டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெட்டிய இடத்தில் மூக்கை வைத்து முகர்ந்தாள்.

"யார் வெட்டினது?"

"நான்தான்."

"நல்ல வெட்டு."

"இருக்காதா? எஸ்டேட்ல கவாத்து மேஸ்திரியா இருந்தவன் நான். பேச்சிமுத்து மேஸ்திரின்னா மேல் டிவிஷன் வரைக்கும் தெரியும்."

"எப்ப வெட்டினீங்க?"

"மழைக்கு முந்தி."

"மழை முடியப்போகுது."

"அதான் கேக்குறேன். ஏன் துளிர்க்கல?"

"துளிர்க்காது" என்றாள் சலோமி.

பேச்சிமுத்து சிரித்தார். தனக்குத் தெரிந்த விஷயத்தில் ஒரு பொம்பளை குறுக்கே பேசினால் அவர் அப்படித்தான் சிரிப்பார். மேஸ்திரி வேலை போனபிறகும் அந்தச் சிரிப்பு போகவில்லை.

*

கவாத்து என்றால் பட்டாளத்துக் கவாத்து அல்ல. தேயிலைச் செடியைச் சில வருஷத்துக்கு ஒருமுறை, ஏறக்குறைய இலை கிளை எதுவும் மிஞ்சாமல் கட்டை தெரிய வெட்டிவிடுவது. வெட்டி முடித்த மலையைப் பார்த்தால் தீ வந்து போன இடம் மாதிரி இருக்கும். புதிதாக வந்தவர்கள் பதறிப்போவார்கள். நல்ல மழை விழுந்ததும் அந்தக் கட்டைகளிலிருந்தே கொழுந்து வெடித்துக்கொண்டு வரும்.

இதைப் பார்த்துப் பார்த்தே பேச்சிமுத்துவுக்குத் தலை நரைத்தது. வெட்டினால் துளிர்க்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. அதற்குத்தான் ஆயுள் முழுக்கச் சம்பளம் வாங்கியிருந்தார்.

சலோமிக்குக் கோத்தகிரிக்குக் கீழே, பைன் காட்டின் ஓரத்தில் ஒரு நர்சரி. ரோஜாவும் ஜெரேனியமும் விற்றுப் பிழைப்பு. பின்னால் தகரக் கொட்டகைக்குள் தட்டைத் தொட்டிகளில் குட்டை மரங்கள் வைத்திருந்தாள். போன்சாய் என்று அதைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் ஆள் வருவார்கள், கற்றுக்கொடு என்பார்கள். அவள் பேசுவது போதவில்லை என்று பாதிப்பேர் திரும்பிப் போய்விடுவார்கள்.

அவளுக்கு நாற்பது வயதுகூட இல்லை. பேச்சிமுத்துவின் மகள் வயதுதான் என்று சொன்னால் அதிகத் தப்பில்லை.

*

"தேயிலை துளிர்க்குதே" என்றார் பேச்சிமுத்து.

"இது தேயிலை இல்ல, மேஸ்திரி."

"செடின்னா செடிதானேம்மா. வேர் இருக்கு, தண்ணி இருக்கு. மூச்சுக்குக்கூட ஒரு கிளை விட்டிருக்கேன் பாரு."

அடியில் நீட்டிக்கொண்டிருந்த ஒல்லிக் கிளையைக் காட்டினார். கவாத்து வெட்டும்போது செடிக்கு ஒரு பக்கக் கிளையை மட்டும் இலையோடு விட்டுவைப்பது வழக்கம். மற்றதெல்லாம் மொட்டையாக நிற்கும்போது செடி அதைக் கொண்டு உயிர் பிழைக்கும். மூச்சுக் கிளை என்பார் அவர். கட்டையில் துளிர் வந்ததும் அதையும் வெட்டி எறிந்துவிட வேண்டும்.

சலோமி அந்தக் கிளையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதை யாருக்காக வளர்க்குறீங்க?"

"என் மகளுக்கு. அவ வச்ச கன்று இது. சின்னப் புள்ளையா இருக்கையில ரோட்டோரத்துல புடுங்கிட்டு வந்து இந்த டின்ல நட்டா. அவ போனதுக்கப்புறம் கொல்லையில கிடந்தது. என் சம்சாரம்தான் தண்ணி ஊத்திக்கிட்டிருந்தா. இப்ப அவளும் இல்ல."

"மகள் எங்க?"

"ஃபேக்டரி லைன் வீட்டுல. கூப்பிடு தூரம்தான்."

கேட்காமலே மேலும் சொன்னார் பேச்சிமுத்து.

"துளிர்த்ததும் கொண்டுபோய்க் குடுக்கணும். நல்லாப் பச்சையா, அழகா. அதுக்குத்தான் வெட்டினேன்."

"துளிர்க்காது, மேஸ்திரி."

"துளிர்க்கும். நீ பாரு. இங்கயே வைக்கிறேன். தெனம் வந்து நானே தண்ணி ஊத்துறேன். துளிர்த்ததும் உனக்கு முன்னாடிதான் எடுத்துட்டுப் போவேன்."

"சரி" என்றாள் சலோமி.

பந்தயம் கட்டியவர் மாதிரி வந்தார் அவர். அப்படித்தான் அவளுக்குச் சீடர் ஆனார்.

*

தினமும் காலையில் வருவார். முதலில் கட்டைக் கிளையைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது. தண்ணீர் ஊற்றுவார். பிறகு கிளம்ப மனம் வராமல் அங்கேயே சுற்றுவார். வீட்டில் பேசுவதற்கு ஆள் இல்லை.

சலோமி ஒரு மரத்தின் முன் உட்கார்ந்து, நுனியில் மெழுகுவத்தி மாதிரி நீண்டிருந்த இளங்குருத்துகளை விரலால் கிள்ளிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் பக்கத்தில் சும்மா கிடந்தது.

"என்னம்மா, கொழுந்து எடுக்குறியா?" என்று கேலி செய்தார்.

"ம்."

"இப்படிப் பயந்து பயந்து கிள்ளினா என்னைக்கு முடியும்? ஓங்கி ஒரு வெட்டு. செடிக்கு அதான் நல்லது. நான் பொம்பளைங்களுக்கெல்லாம் அதைத்தான் சொல்வேன். பாவம் பாக்காதே, பாவம் பாத்தா செடி கெட்டுப்போகும்."

"உக்காந்து நீங்களும் கிள்ளுங்க."

உட்கார்ந்தார். அவருடைய விரலுக்கு ஒரு குருத்து பிடிபட வெகுநேரம் ஆயிற்று. முதல் குருத்து முழுசாகப் பிய்ந்து வந்தது. இரண்டாவதும் பிய்ந்தது. பிசின் ஒட்டிக்கொண்டு விரல்கள் பிரியவில்லை.

"பாதிதான் எடுக்கணும்" என்றாள்.

"பாதின்னா எது பாதி?"

"விட்டுவைக்கறதைப் பாருங்க. எடுக்கறதைப் பார்க்காதீங்க."

அன்று வீட்டுக்குப் போய்ச் சோப்புப் போட்டும் பிசின் போகவில்லை. சோற்றில் பைன் வாசனை அடித்தது. கோபமாக வந்தது அவருக்கு. மறுநாளும் வந்தார்.

*

கொட்டகையின் சுவரோரம் காலித் தொட்டிகள் வரிசையாக இருந்தன. மண் இருந்தது, மரம் இல்லை.

"இதெல்லாம் ஏன் சும்மா கிடக்கு?"

"அதுங்கதான் எனக்குச் சொல்லிக் குடுத்தது."

"எதுங்க?"

"நான் சாகடிச்சது."

பேச்சிமுத்து அந்தப் பக்கம் அப்புறம் போகவில்லை.

*

ஒருநாள் மூடுபனி கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. எதிரில் இருக்கும் தொட்டிகூடத் தெரியவில்லை. வேலை ஓடாமல் இருவரும் கடுங்காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னை மேஸ்திரின்னு கூப்பிடாதேம்மா" என்றார் பேச்சிமுத்து திடீரென்று.

"எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுறாங்க. உங்களுக்குப் பிடிக்கும்னு நெனச்சேன்."

"பிடிக்கும். ஒரு வாயிலிருந்து வந்தா மட்டும் பிடிக்காது. அதைக் கேட்டுக் கேட்டு இப்ப யார் கூப்பிட்டாலும் உறுத்துது."

சலோமி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இசக்கி, என் மக, வேற சாதிப் பையனைக் கட்டிக்கிட்டா. ஃபேக்டரியில தேயிலை காயவைக்கிற டிரையர் ஓட்டுறவன். மாலையும் கழுத்துமா என் கேட்டுல வந்து நின்னா. அப்பான்னு கூப்பிட்டா. லைன் முழுக்க வேடிக்கை பாக்குது. எனக்கு எங்கிருந்துதான் அப்படி வந்ததோ. இனிமே என்னை அப்பான்னு கூப்பிடாதே, ஊர்ல நாலு பேர் எப்படிக் கூப்பிடுறாங்களோ அப்படிக் கூப்பிடுன்னேன்."

"என்ன சொன்னா?"

"கொஞ்ச நேரம் நின்னா. அப்புறம், சரிங்க மேஸ்திரின்னா."

பனிக்குள் எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வளைவு திரும்பியது.

"கோபத்துல வெட்டினேன். வெட்டினா தன்னால துளிர்க்கும்னு நெனச்சேன். ஒரு மழை போகட்டும், வந்துருவான்னு நெனச்சேன். அவங்க அம்மா செத்தப்பதான் வந்தா. கேட்டுக்கு வெளியிலயே நின்னா. என்னன்னு கூப்பிட்டா தெரியுமா? 'மேஸ்திரி, எங்க அம்மா முகத்தை ஒரு தடவை பாத்துக்கட்டுமா'ன்னா."

"நீங்க?"

"வேற பக்கம் திரும்பிக்கிட்டேன். மத்தவங்கதான் உள்ள கூட்டிட்டுப் போனாங்க."

இதைச் சொல்லும்போது அவர் குரல் உடையவில்லை. அவர் கண்ணீர்விட்டிருந்தால் சலோமிக்குக் கேட்பது சுலபமாக இருந்திருக்கும்.

"அப்புறம் வரவே இல்லையா?"

"வருவா. அம்மா போனதிலேருந்து ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வருவா. கேட்டுக் கம்பியில ஒரு தூக்குவாளி மாட்டுவா. மேஸ்திரி, தூக்கு மாட்டியிருக்கேன்னு ஒரு சத்தம் குடுப்பா. போயிடுவா."

"தூக்குல என்ன?"

"குழம்பா இருக்கும்."

"என்ன குழம்பு?"

பேச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

"தெறந்ததில்ல" என்றார்.

அவர் பதில் கொடுப்பதில்லை, வெளியே வருவதும் இல்லை. அடுத்த ஞாயிறு அவள் வந்து, புளித்துப்போனதை எடுத்துக்கொண்டு புதியதை மாட்டிவிட்டுப் போவாள். திறக்காத தூக்கைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண் அவ்வளவு பேர் பார்க்க லைன் வழியே நடந்து போவாள். அதையும் அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"அப்பான்னு ஒரு வார்த்தை கூப்பிட்டா எடுத்திருப்பேன்" என்றார்.

சலோமி எழுந்து போய் டின்னில் இருந்த கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினாள். அவர் அன்று காலையே ஊற்றியிருந்தார்.

*

மழை விட்டுவிட்டது. வானம் வெளுத்துப் பனிக்காற்று அடிக்கத் தொடங்கியது. கட்டைக் கிளை அப்படியேதான் இருந்தது. வெட்டிய இடத்தில் வடிந்திருந்த பிசின் காய்ந்து, தொட்டால் பொடிந்தது.

சனிக்கிழமை காலையில் பேச்சிமுத்து கவாத்துக் கத்தியோடு வந்தார். நன்றாகச் சாணை பிடித்திருந்தார். முகத்தில் நெடுநாளாக இல்லாத ஒரு தெளிவு இருந்தது.

"ஒரு முடிவுக்கு வந்துட்டேம்மா" என்றார்.

"என்ன முடிவு?"

"ரெண்டு முடிவு. இந்தச் செடி ஏன் துளிர்க்கலன்னு ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சேன். தப்பு என்மேலதான். மூச்சுக் கிளையை ரொம்ப நாள் விட்டுட்டேன். சத்தையெல்லாம் அதுவே இழுத்துக்குது. இது இருக்கிறவரைக்கும் கட்டைக்கு என்ன அவசரம்? இதையும் எடுத்துட்டா, வேற வழியில்லாம மேல துளிர்த்துத்தான் ஆகணும்."

"இன்னொண்ணு?"

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. அவ வரும்போது கேட்டுல நின்னு சொல்லிடப்போறேன். அப்பான்னு கூப்பிட்டு உள்ள வர்றதா இருந்தா வா. இல்லேன்னா இந்தத் தூக்கை மாட்டுற வேலையெல்லாம் வேண்டாம்னு. இப்படி வாராவாரம் வந்து போயிக்கிட்டிருந்தா அவளுக்கு அதுவே போதும்னு ஆயிடுது. அதையும் நிறுத்தினாத்தான் மனசு மாறி வருவா."

சொல்லிக்கொண்டே டின்னை இழுத்து, ஒல்லிக் கிளையை இடது கையால் வளைத்துப் பிடித்தார். வலது கை ஓங்கியது. அந்தக் கை ஓங்கினால் குறி தப்பியதே கிடையாது.

சலோமி தன் கையை நீட்டி அந்தக் கிளையின்மேல் வைத்தாள்.

கத்தி நின்றது. முழுசாக நிற்கவில்லை. அவளுடைய புறங்கையில் மெல்லிசாக ஒரு கோடு விழுந்து, அதிலிருந்து ரத்தம் கிளம்பியது.

"ஐயோ. கையை எடும்மா. பைத்தியமா உனக்கு?"

"வெட்டுங்க."

"கையை எடுன்றேன்ல."

"வெட்டுங்க, மேஸ்திரி. பாவம் பாக்காதீங்க."

அவர் கத்தியைக் கீழே போட்டார். சிமெண்டுத் தரையில் விழுந்து அது சுற்றி நின்றது. தோள் துண்டை எடுத்து அவள் கையில் சுற்றப்போனார்.

அவள் வாங்கவில்லை. மறு கையால் அவருடைய கட்டைவிரலைப் பிடித்து, கட்டைக் கிளையின் பட்டைமேல் வைத்தாள்.

"கீறுங்க."

"என்னது?"

"நகத்தால கீறுங்க. உயிர் இருந்தா உள்ள பச்சையா இருக்கும்."

கீறினார். பட்டை ஓடுபோல் கழன்றது. உள்ளே காய்ந்த பழுப்பு.

"இன்னும் கீழ."

கீறினார். அங்கேயும் பழுப்புதான்.

அவர் இப்போது அவள் சொல்லாமலே கீறிக்கொண்டு வந்தார். கிளை தண்டில் சேரும் இடம் வரைக்கும் வந்துவிட்டார். பச்சை எங்கேயும் இல்லை.

"இது எப்ப செத்தது?" என்றார்.

"நீங்க வெட்டின அன்னிக்கு. பைன்ல இலை இல்லாத இடத்துல வெட்டினா அந்தக் கிளைக்கு அத்தோட சரி."

"நான் தெனமும் பாத்தேனே. தெனமும் தண்ணி ஊத்தினேனே."

"ஆமா."

"துளிர்க்காதா?"

"துளிர்க்காது."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

பேச்சிமுத்து தரையில் உட்கார்ந்தார். சம்சாரத்தை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த மனுஷன், இப்போது சேறும் பைன் ஊசியுமாகக் கிடந்த தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். வயசான ஆம்பளை அழுகிற அழுகை பார்க்கச் சகிக்காது. சலோமி தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. கையில் வழிந்த ரத்தத்தைக் குழாயடியில் கழுவிக்கொண்டு வந்தாள்.

வெகுநேரம் கழித்து அவர் தலை தூக்கினார்.

"அப்ப இத்தனை நாளும் நான் எதுக்குத் தண்ணி ஊத்தினேன்?"

அவள் டின்னை அவர் முன்னால் தரையில் வைத்தாள். ஒல்லிக் கிளையின் நுனியில், அவர் ஒருநாளும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்க்காத அந்தக் கிளையின் நுனியில், மூன்று சின்னக் குருத்துகள் நின்றிருந்தன.

*

அன்று மாலைவரை இருவரும் அந்தக் கன்றோடு இருந்தார்கள்.

டின்னிலிருந்து எடுத்துத் தட்டைத் தொட்டிக்கு மாற்றினார்கள். செத்த கிளையின் பட்டையை உரிக்கச் சொன்னாள். உரித்தார். அடியில் மரம் எலும்பு நிறத்தில் வழவழவென்று இருந்தது.

"இதை வெட்டி எடுத்துடலாமே" என்றார்.

"எதுக்கு?"

"பாக்க நல்லால்ல."

"வெட்டினது போதும்."

தொட்டியில் வைக்கும்போது செத்த கிளை பின்பக்கம் போகிறமாதிரி திருப்பி வைத்தார். சலோமி தொட்டியைத் திருப்பினாள். அவர் மறுபடி திருப்பினார். அவள் மறுபடி திருப்பினாள்.

"எல்லாருக்கும் தெரியுமேம்மா" என்றார்.

"தெரியும்" என்றாள்.

பிறகு ஒரு கம்பியை எடுத்து அவரிடம் கொடுத்தாள். மூச்சுக் கிளையின்மேல் அடியிலிருந்து நுனிவரை சுற்றச் சொன்னாள். உச்சி போய்விட்டதால் இனி இந்தக் கிளைதான் மேலே நிமிர்ந்து மரமாக வேண்டும்.

பேச்சிமுத்து பதமாகச் சுற்றினார். சுற்றி முடித்துக் கிளையை மேல்நோக்கி வளைத்தார். இன்னும் கொஞ்சம் வளைத்தார். உள்ளே மெல்லிசாக ஒரு சத்தம் கேட்டது. பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டார்.

"எவ்வளவு வளைக்கணும்?" என்று கேட்டார். அவர் அவளிடம் உண்மையாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"இன்னிக்கு எவ்வளவு வருதோ அவ்வளவு."

"நிமிர எத்தனை நாளாகும்?"

"உங்களுக்கு வேற வேலை இருக்கா?"

அவர் யோசித்துப் பார்த்தார். வேறு வேலை ஒன்றும் இல்லை.

தொட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது வாசலில் நின்றார்.

"கையில எரியுதாம்மா?"

"எரியுது" என்றாள் சலோமி.

*

ஞாயிற்றுக்கிழமை லைனில் எல்லா வீட்டிலிருந்தும் ரேடியோச் சத்தமும் மசாலா வாசனையும் வந்துகொண்டிருந்தன. பேச்சிமுத்து வீட்டில் எதுவும் இல்லை.

அவர் காலையிலேயே எழுந்து, தொட்டியைக் கொண்டுவந்து கேட்டுப் பக்கத்துத் திண்டில் வைத்திருந்தார். வெள்ளைக் கிளை ரோட்டைப் பார்த்து நின்றது. போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தர் நின்று, "என்ன மேஸ்திரி, கவாத்து தப்பிப்போச்சா?" என்று கேட்டார்.

"தப்பிப்போச்சு" என்றார் பேச்சிமுத்து.

கேட்டவருக்கு மேற்கொண்டு கேலி செய்ய ஒன்றும் கிடைக்காமல் போய்விட்டது.

பிறகு உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். கை பழக்கத்தில் ஜன்னல் கதவைச் சாத்தப் போனது. சாத்தாமல் விட்டார்.

இசக்கி வந்தாள். அம்மாவின் பழைய ஸ்வெட்டரைப் போட்டிருந்தாள். அது அவளுக்கு இன்னும் பெரியதாகத்தான் இருந்தது. கேட்டுக் கம்பியில் போன வாரத்துத் தூக்கு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்தாள். கனம் குறையவில்லை என்று கைக்குத் தெரிந்திருக்கும், முகத்தில் எதுவும் மாறவில்லை. புதியதை மாட்டினாள்.

அப்போதுதான் திண்டில் இருந்ததைப் பார்த்தாள்.

முதலில் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. குனிந்தாள். தண்டின் அடியில் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அவளே கட்டிவிட்ட சிவப்பு நூல் பட்டைக்குள் புதைந்து கொஞ்சம் தெரிந்தது. அதைத் தொட்டாள். வெள்ளைக் கிளையைத் தொட்டு, அது முடிகிற இடம்வரை விரலை ஓட்டினாள். கம்பி சுற்றிய ஒல்லிக் கிளையின் குருத்துகளைத் தொடாமல் பார்த்தாள்.

ஜன்னலுக்குள் பேச்சிமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போது கூப்பிடுவாள் என்று ஒரு நினைப்பு உள்ளுக்குள் எழும்பியது. அந்த ஒரு வார்த்தை. இதைப் பார்த்தபிறகாவது.

இசக்கி நிமிர்ந்தாள். ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"மேஸ்திரி" என்று கூப்பிட்டாள். "தூக்கு மாட்டியிருக்கேன்."

பதிலுக்கு அவள் நிற்பதில்லை. பழைய தூக்கை எடுத்துக்கொண்டு திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டாள்.

பேச்சிமுத்துவின் கட்டைவிரல் தானாக ஜன்னல் சட்டத்தைக் கீறிக்கொண்டிருந்தது. அதை அவர் பார்த்தார். பிறகு எழுந்து, கதவைத் திறந்து, முற்றத்தில் இறங்கி, கேட்டுவரை போனார். தூக்கைக் கம்பியிலிருந்து கழற்றினார். கைப்பிடி சூடாக இருந்தது.

"என்னம்மா" என்றார்.

ரோட்டில் அவள் நின்றாள்.

திரும்பினாள். அவர் கையில் தூக்கைப் பார்த்தாள். இத்தனை காலமும் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்ததே இல்லை என்பதால், அதற்குமேல் என்ன பேசுவது என்று அவள் யோசித்தே வைத்திருக்கவில்லை.

"உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு, மேஸ்திரி" என்றாள்.